கடன் வாங்கிப் படைத்த விருந்து

“பணம் இருந்தால் மட்டும் மகிழ்ச்சி வந்துவிடாது” என்று பீடத்தருகே நின்று நாம் மறையுரை சொல்லத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அறிவற்ற செல்வனின் உவமை வாசிக்கப்படும் ஞாயிறன்று அதைச் சொல்வோம். செல்வனும் இலாசரும் வரும் ஞாயிறன்று சொல்வோம். தவக்காலத்தில் சொல்வோம். அடக்கப் பூசையில் தவறாது சொல்வோம். கேட்கும் இறைமக்கள் ஒவ்வொரு முறையும் தலையசைப்பார்கள். ஒருவரும் முகம் சுளித்ததில்லை; பூசை முடிந்தபின் வந்து மறுத்துப் பேசியதுமில்லை. யாரையும் சுடாத மறையுரை அடுப்பில் ஏற்றாத பானைதான் என்று குருமடத்தில் எமக்கு மறையுரைக் கலை கற்பித்த பெரியவர் ஒருவர் சொல்வதுண்டு. அவர் சொன்னது இம்மறையுரைக்கு முற்றும் பொருந்தும்.

அதை இனிச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். மூன்று வேளையும் பிறர் சமைத்துத்தர உண்டு, வீட்டு வாடகையோ பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமோ கட்டியறியாத குருக்களாகிய நாங்கள், அரிசிக்கடையில் பாக்கி வைத்திருக்கும் தாயைப் பார்த்துப் பணத்தில் மகிழ்ச்சி இல்லை என்று போதிப்பது எவ்வளவு எளிது! விவிலியம்கூட அதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடவில்லை. சபை உரையாளர் நூலின் பத்தாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். விருந்து சிரிப்பூட்டும், மது களிப்பூட்டும், எதற்கும் பணம் வேண்டும் என்னும் கருத்து அங்கே ஒளிவுமறைவின்றி நிற்கிறது. திமொத்தேயுவுக்கு எழுதிய திருத்தூதர் பவுலும் தீமைகளுக்கு வேராகச் சுட்டியது பணத்தின்மேல் கொண்ட ஆசையைத்தான். பணம் என்றால் என்னவென்று திருநூலாசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. எமக்கு அதைக் கற்பித்தவர் ஒரு கொத்தனார்.

சில ஆண்டுகளுக்குமுன் நாம் பணியாற்றிய பங்கொன்றில் அவர் இருந்தார். நல்ல வேலைக்காரர், ஞாயிறு தவறாதவர், மாதா கெபி கட்டியபோது இரண்டு நாள் கூலி வாங்காமல் உழைத்தவர். அவருடைய மூத்த மகளுக்குப் புதுநன்மை வந்தது. நாற்பதாயிரம் ரூபாய் ஐந்து வட்டிக்கு வாங்கினார். தரையைத் தொடும் வெள்ளை அங்கி, தலைக்குக் கிரீடம், தெருமுனையில் பதாகை, வீடியோ, பந்தல், இருநூறு பேருக்கு ஆட்டிறைச்சிப் பிரியாணி. பந்தலின் முன்வரிசையில் எமக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். உணவை ஆசீர்வதித்தோம், உண்டோம், ஒலிபெருக்கியைப் பிடித்துப் பெற்றோரின் பக்தியைப் பாராட்டிச் சில வார்த்தைகள் பேசினோம். அவர் கைகூப்பி நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மனைவி பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எழுதுகிறோம் என்று எவரும் ஐயுற வேண்டாம், ஊரறிந்த செய்தி இது.) மாதம் இரண்டாயிரம் வீதம் இருபத்துநான்கு மாதங்களில் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் வட்டியாகவே போயிருந்தது. அசல் நாற்பதாயிரம் அசையாமல் நின்றது. இடையில் வட்டி கட்ட அடகு வைத்த தாலிச் சங்கிலி மூழ்கிவிட்டது. கணவர் கட்டட வேலைக்குக் கேரளம் போய்விட்டார். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்று பேசும் பேச்சை அண்டை வீட்டார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிரீடம் சூடி நற்கருணை வாங்கிய அந்தப் பெண்ணின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்துவதா என்ற பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

கிறிஸ்து பிறப்புக்கு ஊர் வந்த அவரை அழைத்துக் கண்டித்தோம். “இவ்வளவு கடன் வாங்கி விருந்து வைக்கச் சொன்னது யார்?” என்று கேட்டோம். அவர் கோபப்படவில்லை. “யாரும் சொல்லல சாமி. நீங்களும் முன்வரிசையில உக்காந்துதான் சாப்பிட்டீங்க. அப்ப ஒண்ணும் கேக்கலியே” என்றார்.

அதற்கு அன்று எம்மிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அன்றிரவு விவிலியத்தை எடுத்துத் தேடினோம். சீராக்கின் ஞான நூல், பதினெட்டாம் அதிகாரத்தின் கடைசி வசனம். பையில் ஒன்றும் இல்லாதபோது கடன் வாங்கி விருந்தாடிப் பிச்சைக்காரனாகிவிடாதே என்பது அதன் சாரம். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குமுன் எருசலேமில் வாழ்ந்த ஓர் ஆசிரியர் எழுதியது. பிரிந்த சகோதரர்களின் விவிலியத்தில் இந்நூல் இல்லை. அது நம்மிடம் மட்டும் இருப்பதாகக் குருமட நாள்களில் பெருமையோடு வாதிட்டிருக்கிறோம். அந்நூலுக்காக வாதிட்டவர்கள் அந்த வசனத்தை ஒருநாளும் மறையுரைக்கு எடுத்ததில்லை. எம் அறிவுக்கு எட்டியவரை உடன் குருக்களும் எடுத்ததில்லை. எடுத்தால் புதுநன்மை விருந்துக்கு எப்படிப் போவது?

இந்த ‘ஐந்து வட்டி’ என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் ஊர்களில் வட்டியை ஆண்டுக் கணக்கில் சொல்வதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்றே சொல்கிறோம். ஆகவே ஐந்து வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு அறுபது. சொல் சிறிதாக இருப்பதால் சுமையும் சிறிதாகத் தோன்றுகிறது. நாள் தண்டல்காரரோ பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நூறு நாளைக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் வாங்குகிறார். அதற்கு வட்டி என்ற பெயரே இல்லை, ‘பிடித்தம்’ என்கிறார்கள்.

இப்போது நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்துக்கு வாருங்கள். எருசலேமின் மதில் எழும்பிக்கொண்டிருக்கிறது. மதில் கட்டுகிற மக்களிடையே அழுகுரல் எழுகிறது. பஞ்சத்தில் தானியம் வாங்க வயலை அடகு வைத்தோம், அரசனுக்கு வரி கட்டத் திராட்சைத் தோட்டத்தின்மேல் கடன் பெற்றோம், எங்கள் புதல்வியரை அடிமைகளாக விட்டிருக்கிறோம் என்று அவர்கள் முறையிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்லர். அதே ஊரார், அதே இனத்தார், அதே கோவிலில் வழிபடுவோர். நெகேமியா கடுஞ்சினம் கொள்கிறார். பெருமக்களைச் சபைமுன் நிறுத்தி, வாங்கிய நூற்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். அந்த நூற்றில் ஒரு பங்கு மாதவட்டியைக் குறிக்கிறது என்பது உரைகாரர் பலரின் கொள்கை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு வட்டி! ஒரு வட்டிக்கு அத்தனை சினம் என்றால், ஐந்துக்கும் பத்துக்கும் அவர் என்ன செய்திருப்பார்?

ஆனால் எம்மை உறங்கவிடாமல் செய்தது அவருடைய சினம் அன்று. தாமும் தம் சகோதரரும் தம் பணியாளரும்கூடக் கடன் கொடுத்திருப்பதை அதே சபையில் அவர் ஒப்புக்கொள்கிறார். தொடர்ந்து, தாம் ஆளுநராக இருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் ஆளுநருக்குரிய உணவுப் படியை உண்ணவில்லை என்கிறார். மக்களின் சுமை பெரிதாக இருந்ததே அதற்குக் காரணம் என்கிறார். கொத்தனார் எம்மிடம் சொன்னதும் அதுவே அல்லவா? கண்டிக்க வந்தவன் முதலில் இலையிலிருந்து எழுந்திருக்க வேண்டும்.

இனி அந்தக் கொத்தனாருக்குக் கடன் கொடுத்தவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவரும் எம் பங்குக்காரரே. ஏழாம் திருநாளின் உபயதாரர். அவ்வாலயத்துக் கொடிமரப் பீடத்தில் பதித்த பளிங்குக் கல்லில் அவர் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. அந்தக் கல்லை அர்ச்சித்தவர் மறைமாவட்டத்திலிருந்து வந்திருந்தார். அவருக்கு மாலையிட்டவர் அந்த உபயதாரர். பக்கத்தில் நின்று கைதட்டியவர்கள் நாம்.

1179-ஆம் ஆண்டில் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், வட்டித்தொழிலைப் பகிரங்கமாக நடத்துவோருக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் மறுத்தது. அவர்களுடைய காணிக்கையை எவரும் வாங்கக்கூடாது என்றும் விதித்தது. காலம் மாறியது, பொருளாதாரம் மாறியது, திருச்சபையின் ஆய்வும் நுணுகியது என்பதை நாம் அறிவோம். பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1745-இல் வெளியிட்ட சுற்றுமடல், கடனுக்காகவே வட்டி கேட்பது தவறு என்று மீண்டும் சொன்னபோதிலும், வேறு நியாயமான காரணங்களால் சிறிது கூடுதல் பெற இடமுண்டு என ஒப்புக்கொண்டது. ஆகவே வங்கியில் போட்ட சேமிப்புக்கு வட்டி வாங்கலாமா என்று எவரும் மனம் குழம்ப வேண்டியதில்லை. ஆனால் ஏழையின் இக்கட்டைப் பயன்படுத்தி உறிஞ்சும் வட்டி அன்றும் பாவம், இன்றும் பாவம். 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலும் கொடும் வட்டியைக் கண்டிக்க மறக்கவில்லை. தமிழ்நாட்டு அரசுகூட 2003-இல் கந்துவட்டியைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித்தொழிலாளி தம் மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் தீயில் வெந்தார். வன்முறையாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்தது. அரசு இரண்டு சட்டம் செய்துவிட்டது. நாம் பளிங்குக் கல் பதித்துக்கொண்டிருக்கிறோம்.

காணிக்கை போட்டால் நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று மேடையில் முழங்கும் போதகர்களை நாம் ஏளனமாகப் பேசுகிறோம். அவர்கள் பணத்தைக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள். நாமோ மரியாதையைக் காட்டிப் பணம் வாங்குகிறோம். எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல எமக்குத் துணிவில்லை.

மரியாதை என்ற சொல் வந்துவிட்டது. இதை எண்ணும்போதுதான் எம் பழைய மறையுரை ஏன் யாரையும் தொடவில்லை என்பது விளங்கியது. குருமடத்தில் அக்குவினாஸ் தோமாவைப் படித்தோம். பேரின்பம் எதில் உள்ளது என்று அவர் தம் இறையியல் பெருநூலில் ஒவ்வொன்றாக ஆராய்கிறார். முதற்கேள்வி, செல்வத்தில் உள்ளதா என்பது. உணவு, உடை போன்ற இயற்கைச் செல்வத்துக்கு ஓர் எல்லை உண்டு, வயிறு நிறைந்தால் போதும்; பணம் என்னும் செயற்கைச் செல்வத்தின் ஆசைக்கோ எல்லையே இல்லை, ஆகவே அதில் நிறைவு கிட்டாது என்கிறார். இதை நாங்கள் மனப்பாடம் செய்தோம். இதையே வாழ்நாளெல்லாம் மறையுரையாக்கினோம். அடுத்த கேள்வியை மறந்துவிட்டோம். பேரின்பம் மதிப்பில் உள்ளதா? இல்லை என்கிறார் தோமா. மதிப்பு என்பது மதிக்கப்படுகிறவரிடம் இல்லை, மதிக்கிறவரிடம் இருக்கிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது போயிற்று.

நம் மக்களிடம் பொருளாசை மிகுந்துவிட்டது என்று குற்றம் சாட்டுவோர் ஒருநாள் அவர்களுடைய வீட்டுக் கணக்கைப் பார்க்கட்டும். பணத்தின்மேல் ஆசை உள்ளவன் நாற்பதாயிரத்தை ஒரே பகலில் இலையில் போட்டுவிட்டு எழுந்திருப்பானா? அந்தக் கொத்தனார் வாங்கியது பணத்தை அன்று. ஒருநாள் பகல் முழுவதும் ஊர் தம்மை நிமிர்ந்து பார்க்கும் பார்வையை வாங்கினார். அதற்கு மாதம் இரண்டாயிரம் வாடகை கொடுத்துவந்தார். பார்த்தவர்களோ மறுநாளே வேறு பந்தலைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

“ஊர் என்ன சொல்லும் சாமி?” என்று மக்கள் கேட்பதை நாம் இகழவில்லை. மதிப்பு மறுக்கப்பட்டவர்களுக்கே அதன் அருமை தெரியும். தலைப்பாகை கட்டவும் செருப்பணியவும் தடுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆலயத்துக்குள்ளேயே சாதி பார்த்து இடம் ஒதுக்கிய வரலாறு நம்முடையது. வடக்கன்குளத்தில் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறையில் இன்னும் எங்கெங்கே சுவர் நிற்கிறது என்பதை வாசகர் அறிவர். அப்படிப்பட்ட மண்ணில் ஓர் ஏழைத் தந்தை தம் மகளைக் கிரீடம் சூட்டி நிறுத்த விரும்புவது வெறும் ஆடம்பரம் என்று சொல்ல நா எழவில்லை. ஆனால் அந்த மதிப்பை ஞானத்தீர்க்கையிலேயே விலையின்றிக் கொடுத்துவிட்டதாகப் போதிக்கிற திருச்சபை, அதையே மறுபடி விலைக்கு விற்கலாமா? முன்வரிசை நாற்காலி, உபயதாரர் பட்டியல், தேர் வடத்தை முதலில் தொடும் உரிமை, ஒலிபெருக்கியில் பெயர் — இவற்றையெல்லாம் ஏலம் போடுகிறவர்கள் நாங்கள்தாம். ஏலத்தில் எடுக்க முடியாதவர்கள் வீட்டில் பந்தல் போட்டு ஈடுசெய்கிறார்கள்.

மொய்யைப் பற்றியும் சொல்ல வேண்டும்; சிலர் அதைக் காட்டி எம்மை மடக்குவார்கள். மொய் எழுதுவது ஒருவகைச் சேமிப்பு என்பதை ஒப்புக்கொள்கிறோம். வட்டியில்லாமல் கொடுத்து, தேவைப்படும்போது வட்டியில்லாமல் திரும்பப் பெறும் நல்லேற்பாடு அது. தோபித்து கபேலிடம் ஒப்படைத்து வைத்த வெள்ளியை மகன் தோபியா ஆண்டுகள் பல கழித்துப் பெற்றுவந்த கதையை அது நினைவூட்டுகிறது. ஆனால் போட்ட மொய்யைத் திரும்ப எடுக்கவே ஒரு விழா நடத்த வேண்டும், விழா நடத்தக் கடன் வாங்க வேண்டும், கடனை மொய் அடைத்துவிடும் என்று நம்ப வேண்டும் என்றாகும்போது கணக்கு இடறுகிறது. மொய் நோட்டில் வரவு பார்த்தவர்கள் பந்தல்காரருக்கும் சமையற்காரருக்கும் கொடுத்ததைக் கழித்துப் பார்ப்பதில்லை. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடச் சொன்ன ஆண்டவர் அதை வீட்டு நோட்டுக்கும் சேர்த்தே சொன்னார் என்று நம்புகிறோம்.

கானாவூரில் இயேசுவே விருந்துக்குப் போனாரே என்பார் ஒருவர். போனார். அங்கே இரசம் தீர்ந்துபோனபோது மாதா மணமகனைக் கடைத்தெருவுக்கு ஓட்டவில்லை, மகனிடம் சொன்னார். இதற்குமேல் அப்பகுதியை இழுத்துப் பொருள் கொள்ள நாம் விரும்பவில்லை.

நான்காம் நூற்றாண்டில் செசரியா ஆயராக இருந்த புனித பசிலியார், திருப்பாடல் ஒன்றுக்குச் செய்த மறையுரையில் கடன் வாங்குவோரை நோக்கிப் பேசுகிறார். உன்னிடம் இருக்கிறதென்றால் கடன் எதற்கு? இல்லையென்றால் ஏன் ஒரு துன்பத்தை இன்னொரு துன்பத்தால் ஆற்றப் பார்க்கிறாய்? இப்போது நீ ஏழை, ஆனால் உரிமையுள்ளவன். கடன் வாங்கினால் பணக்காரன் ஆகப்போவதில்லை, உரிமையை மட்டும் இழப்பாய் என்ற கருத்தில் பேசிக்கொண்டு போகிறார். கதவு தட்டப்பட்டால் கட்டிலுக்கடியில் ஒளிகிறவனையும், நாய் குரைத்தால் வியர்த்துப்போகிறவனையும் அவர் வரைந்து காட்டுகிறார். பதினாறு நூற்றாண்டுகள் கழிந்தும் அந்தக் கதவும் அந்த நாயும் மாறவில்லை. இப்போது கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. செயலி வழியாகக் கடன் வாங்கிய இளைஞர் ஒருவர் பூசை நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தாலே முகம் வெளுத்துப்போவதைக் கண்டிருக்கிறோம். மகிழ்ச்சி எதில் உண்டு என்று அவரிடம் கேட்டால், ஓசையில்லாத ஓர் இரவில் என்பார். பசிலியார் சொன்ன உரிமை அதுதான். அது சிறிய மகிழ்ச்சி என்று யார் சொன்னது?

பசிலியார் பேசினார், சிலர் செயலிலும் இறங்கினார்கள். இத்தாலியின் பெருஜியா நகரில் 1462-இல் பிரான்சிஸ்கன் துறவியர் ஏழைகளுக்கு அடகின்பேரில் கடன் கொடுக்கும் இரக்க நிதியகத்தைத் தொடங்கினார்கள். நடத்தும் செலவுக்கு மட்டும் சிறுதொகை வாங்குவது வட்டியாகுமா என்று இறையியலார் அரை நூற்றாண்டு சண்டையிட்டு ஓய்ந்தபின், 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கத்தில் பத்தாம் சிங்கராயர் அதற்கு ஒப்புதல் தந்தார். நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சோட்டாநாக்பூரில் முண்டா மக்கள் நிலத்தைக் கடனுக்கு இழந்துகொண்டிருந்தபோது, செர்மானிய இயேசு சபைக் குரு ஆப்மன் 1909-இல் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினார். முண்டாரி மொழிக்குப் பெருங்கலைக்களஞ்சியம் தொகுத்த அதே அறிஞர்தாம். கலைக்களஞ்சியம் எழுதுகிற கை கடன் பேரேட்டையும் எழுதியது. முதல் உலகப்போரில் பகைநாட்டவர் என்று அவரை 1915-இல் வெளியேற்றினார்கள். இன்னும் அருகே, திருவனந்தபுரம் மறைமாவட்டத்தின் மரியநாட்டில் மீனவர்கள் 1960-களின் இறுதியில் தங்கள் மீனைத் தாங்களே விற்கச் சங்கம் கண்டார்கள். முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டு அங்கே அறுந்தது. மீன் விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கடனுக்கும் ஒரு பகுதியைச் சேமிப்புக்கும் அன்றன்றே பிடித்துக்கொள்ளும் அந்த முறை கன்னியாகுமரிக் கடற்கரைக்கும் பரவியது. கடலில் பாடு இல்லாத நாளில் தவணை கேட்பதில்லை. பாடு உள்ள நாளில் கேட்காமலே பிடித்துவிடுகிறார்கள். கடன் வாங்குகிறவனின் வாழ்க்கையை அறிந்தவர்கள் வகுத்த முறை என்பது இதிலிருந்தே தெரியும்.

இவற்றையெல்லாம் ஒரு பங்கு ஒரே நாளில் செய்துவிட முடியாது. இலையிலிருந்து எழுந்திருப்பதை மட்டும் ஒரே நாளில் செய்யலாம்.

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 848-ஆம் சட்டம், அருளடையாளங்களுக்கு வரையறுக்கப்பட்ட காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கலாகாது என்றும், வறுமையால் எவரும் அவற்றை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. புதுநன்மைக்கு உண்மையில் ஆகும் செலவு ஓர் அப்பம். மீதி எல்லாம் நாம் சேர்த்தது. ஆகையால் இப்போதைய பங்கில் இவ்வாண்டு சில மாற்றங்களை அறிவித்திருக்கிறோம். பிள்ளைகள் அனைவருக்கும் ஒரேவகைப் பருத்தி உடை, கிரீடம் இல்லை. பூசை முடிந்ததும் ஆலய முற்றத்தில் எல்லாருக்குமாக ஓர் அசனம். உடல்நலமின்றிப் படுத்திருப்போர் வீடுகளுக்கும் அதிலிருந்தே சோறு போகும். தனி வீட்டு விருந்து எதற்கும் பங்குக்குரு வரமாட்டார். கொடிமரத்திலும் தூண்களிலும் புதிதாக எவர் பெயரும் பொறிக்கப்படாது. திருமண ஓலை எழுத வருவோரிடம், உறவுத்தடை உண்டா என்று கேட்பதோடு, இத்திருமணத்துக்கு எவ்வளவு கடன் வாங்கப்போகிறீர்கள் என்றும் கேட்போம். இந்தக் கேள்விக்குச் சட்டத் தொகுப்பில் இடம் உண்டா என்று மூத்த குரு ஒருவர் கேட்டார். இல்லைதான். தடையாக நாம் அதைக் கேட்கவில்லை; தகப்பனாகக் கேட்கிறோம் என்று சொன்னோம். அவர் சிரித்தார்; ஒப்புக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

எதிர்ப்பு வராமல் இல்லை. புதுநன்மைக்கு ஆயத்தமான பத்தொன்பது பிள்ளைகளில் இரண்டு குடும்பத்தார் பக்கத்துப் பங்கில் உறவினர் வழியாக ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒளிப்படக்காரருக்கு வருத்தம். உபயதாரர் பெயரைப் போடாவிட்டால் ஒன்பதாம் திருநாள் செலவுக்கு எங்கே போவது என்று நிதிக்குழுவினர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மின்விளக்குத் தோரணத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்றோம். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசுவார்கள். நாமும் மறுபடி பேசுவோம். பழைய பங்கின் கொத்தனார் அசலில் பாதியை அடைத்துவிட்டதாகக் கேள்வி. மகள் பள்ளிக்குப் போகிறாள். அதில் எம் பங்கு ஒன்றுமில்லை. அந்தத் தாய் மகளிர் குழுவில் சண்டையிட்டுக் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்றுப் பழைய கடனை மாற்றிக்கொண்டார்.

அசனத்துக்கு எத்தனை படி அரிசி என்று உபதேசியார் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு ஒரு படியும் விறகும் தருவதாக அன்பியங்கள் சொல்லியிருக்கின்றன. ஆட்டுக்கறி வேண்டாம், கத்தரிக்காய்ச் சாம்பார் போதும் என்கிறார்கள் பாட்டிமார் இருவர். பிள்ளைகள் பதினேழு பேரும் கறிதான் வேண்டும் என்கிறார்கள். நாமும் பிள்ளைகள் பக்கம்தான்.